நான்காம் படுக்கையிலிருந்து வந்த செய்திகள்

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டை மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். சிறுநீரகம் கொடுப்பவர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் தினமும் எழுத வேண்டுமாம். வலி, மாத்திரை, குடித்த தண்ணீர், போன அளவு, மனசு. ஆலோசகர் அம்மா கடைசியாகச் சொன்னதை அடிக்கோடு போட்டுக் காட்டினார்: மனசை மறைக்காமல் எழுத வேண்டும்.

மனசு நன்றாக இருக்கிறது. தண்ணீர் இரண்டு லிட்டர்.

என் பெயர் பூங்கோதை. வயது நாற்பத்து மூன்று. திண்டுக்கல்லில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வியாழக்கிழமை என் இடது சிறுநீரகத்தை எடுத்து என் அண்ணன் தனபாலுக்கு வைக்கப்போகிறார்கள். அண்ணனும் நானும் பேசிக்கொண்டு பதினேழு வருஷம் ஆகிறது. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பிறகு எழுத வேண்டியிருக்காது.

ஜூலை 9, செவ்வாய்

உறுப்பு மாற்றுக்கு அனுமதி கொடுக்கும் குழு முன்னால் போய் உட்கார்ந்தோம். மூன்று டாக்டர்கள், ஒரு வீடியோ கேமரா. யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அண்ணனோடு உறவு எப்படி என்று கேட்டார்கள். அண்ணன் தங்கச்சி உறவு என்றேன். ஒரு டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

கல்யாணமான பெண் என்பதால் புருஷன் சம்மதமும் வேண்டுமாம். இவரைக் கேட்டார்கள். இவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ உடம்பு, அவ அண்ணன். நடுவுல நான் என்ன சொல்றது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இவர் பெயர் சகாயராஜ். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். நான் இவரைக் கட்டிக்கொண்டதால்தான் அண்ணன் பேச்சை நிறுத்தியது. வேறு சாதி, வேறு வேதம். கல்யாணத்தன்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சர்ச் வாசலில் வந்து நின்றது. அடிக்கவில்லை. நின்றுவிட்டுப் போனது. அன்றிலிருந்து இவர் பெயர் அதன் வாயில் வந்ததில்லை.

பிப்ரவரியில் மதினி பள்ளிக்கூடத்துக்கே வந்தார். அண்ணன் மனைவி சுலோச்சனா. பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்றார். உட்கார வைத்துத் தட்டில் சாப்பாடு கொடுத்தேன், சாப்பிடவில்லை. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த மனுஷன், இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார். தனக்குச் சர்க்கரை இருப்பதால் தன் சிறுநீரகத்தை எடுக்க மாட்டார்கள் என்றார். தான் வந்தது அவருக்குத் தெரியாது என்றார். பரிசோதனைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மதினி அழுததால்தான் சொன்னேன். வேறொன்றுமில்லை.

ஜூலை 10, புதன்

இரண்டு பேரையும் ஒரே மாடியில் வைத்திருக்கிறார்கள். மாலையில் எக்ஸ்ரே அறை வாசலில் அண்ணன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பாதி ஆளாகிவிட்டது. என்னைப் பார்த்தது, பிறகு சுவரைப் பார்த்தது. "சாப்பிட்டியா" என்றது. என்னையா சுவரையா என்று தெரியவில்லை. உம் என்றேன்.

தண்ணீர் இரண்டரை லிட்டர்.

ஜூலை 12, வெள்ளி

வலி. மதினி வந்து காதில் சொன்னார். அண்ணனுக்குத் தையல் போடுவதற்கு முன்பே என் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் ஓட ஆரம்பித்துவிட்டதாம்.

ஜூலை 14, ஞாயிறு

உட்கார்ந்து எழுத முடிகிறது. அண்ணன் கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. தொற்று ஏற்படக் கூடாது என்று யாரையும் விடுவதில்லை. மதினி மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு வெளி அறையில் இருக்கலாம்.

சிஸ்டர் நூர்ஜஹான் இரண்டு பக்கமும் பார்க்கிறார். அண்ணனுக்குக் குழாய் வழியாகப் பையில் இறங்குவதை மணிக்கொரு தடவை குறிக்கிறார்கள். நேற்று மொத்தம் ஒன்பது லிட்டராம். புதிதாக வைத்தால் முதலில் அப்படித்தான் கொட்டுமாம். என் அறைக்கு வரும்போதெல்லாம் எவ்வளவு என்று கேட்டேன். கொடுத்த பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

எனக்கு ஒன்றரை லிட்டர். பிளாஸ்டிக் ஜக்கில் பிடித்து, கோடு பார்த்து, எழுதிவிட்டுக் கொட்ட வேண்டும். இவரே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

என்னை அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது, குடம்கூட. போகும்போது கண்ணாடி அறைப் பக்கமாகப் போகலாமா என்று இவர் கேட்டார். லிஃப்ட் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதால் போனோம். அண்ணன் கண்ணை மூடியிருந்தது. தூங்குகிற ஆளுக்கு இமை அப்படித் துடிக்காது.

இன்று அண்ணனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்களாம். இனிமேல் எழுந்து போக வேண்டியதுதான்.

ஜூலை 17, புதன்

காலையில் ஆறரை மணிக்குப் போனில் ஒரு செய்தி. "படுக்கை 4. நேரம் 6.22. அளவு 496 மி.லி." ஏதோ தப்பான எண்ணுக்கு வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். எட்டு மணிக்கு இன்னொன்று. "படுக்கை 4. நேரம் 7.51. அளவு 280 மி.லி. நிறம் இயல்பு." நிறம் என்று பார்த்ததும்தான் புரிந்தது. வார்டுக்குப் போன் போட்டேன்.

சிஸ்டர் நூர்ஜஹான் விவரம் சொன்னார். கண்ணாடி அறைகளில் புதுக் கழிப்பறை வைத்துச் சோதனை பார்க்கிறார்களாம். பார்க்கச் சாதாரண வெஸ்டர்ன் டாய்லெட்தான். கையில் கட்டியிருக்கும் பட்டையைச் சுவரில் காட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும். எத்தனை மில்லி, என்ன நிறம், எத்தனை மணி, எல்லாம் நர்ஸ் மேசையில் இருக்கும் திரைக்குப் போய்விடும். ஜக்கும் வேண்டாம், கோடும் பார்க்க வேண்டாம், கொட்டவும் வேண்டாம். மதினி ஜக்கைத் தூக்கிக்கொண்டு போவது அண்ணனுக்குப் பிடிக்கவே இல்லையாம், இது நிம்மதி என்றார். சம்மதப் படிவத்தில், கூட இருப்பவர் தவிர வேறு யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்ததாம்.

"உங்க அண்ணனே எழுதினார்மா. உங்க பேரு, நம்பரு."

மதினி போனைப் பார்த்து எழுதியிருக்கும் என்றேன்.

"இல்லம்மா, எதையும் பாக்கல. மனப்பாடமா எழுதினார்."

பிறகு மதினி பேசினார். முதலில் வந்த 496 அண்ணனுடையது இல்லையாம். மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதற்குள் ஊற்றியிருக்கிறது. கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிட்டு, நாலு மில்லி குறைகிறது, பாட்டிலில் ஒட்டியிருப்பதைக் கழித்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்ததாம். சிஸ்டர் திட்டினாராம்.

ஆக, எனக்கு அண்ணன் அனுப்பிய முதல் சேதி வெறும் தண்ணீர்.

என் எண் அதற்கு எப்படித் தெரியும்?

ஜூலை 18, வியாழன்

5.40 – 310
7.30 – 260
9.15 – 290
10.50 – 240
12.40 – 330
2.20 – 280
மாலையில் நாலு. மொத்தம் 2,870.

டாக்டர் கேட்டால் சொல்வதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

மகள் ஜாய்ஸ் இந்தச் செய்திகளுக்கு மட்டும் போனில் தனி மணிச் சத்தம் வைத்துக் கொடுத்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், மாமா என்று ஒருவர் இருப்பதே அவளுக்கு இந்த வருஷம்தான் தெரியும். மணி அடித்தால், "அம்மா, மாமா போயிட்டு வந்துட்டாரு" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுக்கிறாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், சிரித்ததில் தையல் இழுத்தது.

ஜூலை 19, வெள்ளி

மதினியிடம் பேசினேன். அண்ணன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறதாம். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போய்விடுகிறது என்று சிஸ்டர் கண்டித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்ததும், "மெசேஜ் போயிருச்சா" என்று கேட்கிறதாம். போய்விட்டது என்றால்தான் படுக்கிறதாம்.

இதையெல்லாம் மதினி ஏன் என்னிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மனசை மறைக்காமல் எழுதச் சொன்னார்கள். ஒன்று எழுதுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் கார்த்திகையில் அம்மா இறந்துபோனது. எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், நாங்கள் பிறந்த ஊரான வேடசந்தூர் பஸ்ஸில் எங்கள் தெருக்காரி ஒருத்தி என்னைப் பார்த்து, ஆத்தா முகத்தைக்கூடப் பார்க்க வரவில்லையே என்று கேட்டாள். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். இவர் வந்துதான் கூட்டிக்கொண்டு போனார். பேசாமல் இருந்ததை மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது? அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுத்ததும் இதுவும் வேறு வேறு கணக்கு. இரண்டையும் சேர்க்கக் கூடாது.

இன்று மொத்தம் 3,040.

ஜூலை 20, சனி

காலை 5.50 – 210. அசதியாக இருக்கும் என்று நினைத்தேன். 8.15 – 140. அடுத்தது 11.30 வரை வரவில்லை. வந்தபோது 90.

வார்டுக்குப் போன் போட்டேன். பகல் ஷிஃப்ட்டில் சிஸ்டர் நூர்ஜஹான்தான் இருந்தார். திரையில் பச்சைதான் காட்டுகிறது, ஒரு நாள் மொத்தம் குறைந்தால்தான் சிவப்பாகும், நேற்று மாலை நன்றாகப் போனதால் மொத்தம் இன்னும் குறையவில்லை என்றார். மொத்தம் பார்க்காதீர்கள் சிஸ்டர், காலையிலிருந்து ஒன்றொன்றாகப் பாருங்கள், இருநூற்றுப் பத்து, நூற்று நாற்பது, தொண்ணூறு, நான் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, எடை பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

ஒரு கிலோ நானூறு கூடியிருந்தது. டாக்டர் வந்துவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். உடம்பு என் சிறுநீரகத்தை அந்நியம் என்று தள்ளப் பார்க்கிறதோ என்று சந்தேகமாம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போட வேண்டும். மதினி போனில் அழுதார். ஓடியாட அங்கே ஆள் இல்லை.

நான் புடவையை எடுத்துவிட்டேன். இவர் கையிலிருந்து வாங்கி மறுபடி பீரோவில் வைத்தார். ஒன்பது நாள் தையலோடு பஸ்ஸில் அறுபது கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டு போக வேண்டாம், நான் போகிறேன் என்றார். நீங்கள் போனால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றேன். திருப்பிக்கொள்ளட்டும், மருந்து வாங்க முகம் எதற்கு என்றார். கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

2.40 – 60.

ஜூலை 21, ஞாயிறு

சந்தேகம் உண்மைதான். முதல் ஊசி போட்டாயிற்று. தினம் ஒன்று, மூன்று நாள்.

7.10 – 50
11.45 – 70

பூசைக்குப் போகவில்லை. ஜாய்ஸ் போய்விட்டு வந்தாள். சோறு குழைந்துவிட்டது.

எனக்குள் மிச்சமிருக்கும் ஒன்று நன்றாக வேலை செய்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில் நாற்பத்து மூன்று வருஷம் இருந்தவை. அங்கே போனதை அந்நியம் என்கிறதாம் அந்த உடம்பு.

ஜூலை 22, திங்கள்

6.30 – 80
10.15 – 110
1.00 – 110
5.20 – 150

போன் கையிலேயே இருக்கிறது. குளிக்கப் போகும்போது ஜாய்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

5.35 – 220.

ஐந்து முப்பத்தைந்துக்கு விழித்திருந்தேன், தற்செயலாக.

8.00 – 240. 9.40 – 300. ஜாய்ஸ் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுகொண்டு, இன்னொன்று வரட்டும் என்றாள். அதட்டி அனுப்பினேன். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் அடுத்த செய்தி வந்ததுபோல் இருந்தது, ஓடிப்போய்ப் பார்த்தேன், சிலிண்டர்காரன் செய்தி.

மொத்தம் 2,100. எழுதும்போது பேனா மை தீர்ந்துவிட்டது, பென்சிலில் எழுதுகிறேன்.

ஜூலை 24, புதன்

இவர் வந்துவிட்டார். நாலு நாளில் இளைத்துப்போயிருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்டேன். கேன்டீன் சாம்பார் நன்றாக இருந்தது என்றார்.

மற்றதை மதினியிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஊசி மருந்து ஆஸ்பத்திரிக் கடையில் ஒன்றுதான் இருந்ததாம். மீதி இரண்டுக்காக இவர் ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்தாராம். மற்ற நேரமெல்லாம் கண்ணாடி அறைக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அண்ணன் படுத்துக்கொண்டே பார்த்ததாம். ஒன்றும் பேசவில்லை. ஆனால் மதினியிடம், "அந்தாளு சாப்பிட்டாரா, கேளு" என்றதாம்.

ஜூலை 25, வியாழன்

தையல் பார்க்க மதுரைக்குப் போய் வந்தோம். அண்ணனைப் பார்த்தேன். இன்று எழுத முடியாது.

ஜூலை 26, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

தையல் நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். சிஸ்டர் நூர்ஜஹான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போன் போட்டு நல்ல வேலை செய்தீர்கள், மாலை வரை விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும், இப்போது திரையில் மூன்று தடவை தொடர்ந்து குறைந்தாலே சிவப்பாகும்படி மாற்றச் சொல்லிவிட்டோம் என்றார். அதற்குக் கூலிபோல் இரண்டு நிமிஷம் உள்ளே போக விட்டார். தொப்பி, முகமூடி, அங்கி. கதவருகிலேயே நிற்க வேண்டும்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. ஊசியால் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. அதனால் பழைய முகம்போல் இருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே போய்விட்டது. மீதி ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று பட்டதும் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, என் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"கடை போர்டுல இருந்துச்சு" என்றது. "மோட்டார் கடை போர்டுல. ரெண்டாவது நம்பரு, உன் பேரு போட்டு."

நீ எப்போது கடைக்கு வந்தாய் என்றேன். கையில் கட்டியிருந்த பட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

"அம்மா போன அன்னைக்குக் காலையில. சொல்லிக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். எதுத்தாப்புல டீக்கடையில நின்னேன். நீ தூக்குல சாப்பாடு கொண்டாந்து உள்ள போன. வெளிய வந்ததும் கூப்பிடலாம்னு நின்னேன் பாப்பா. நீ வரவே இல்ல. பின்பக்கமாப் போயிட்ட போல. உள்ள வந்து அவருகிட்டக் கேக்க எனக்கு மானம் விடல. போர்டையே பாத்துக்கிட்டு நின்னதுல நம்பரு மனசுல ஒட்டிக்கிச்சு. அன்னைக்கும் சரி, அதுக்கப்புறமும் சரி, ஒம்பது நம்பர் வரைக்கும் அழுத்துவேன்."

ரோட்டைத் தாண்டவில்லையே அண்ணே என்றேன்.

"தாண்டல" என்றது. சாக்கு எதுவும் சொல்லவில்லை. சிஸ்டர் கண்ணாடியைத் தட்டினார், வந்துவிட்டேன்.

வாடகைக் காரில் திரும்பினோம். கொடைரோட்டில் இவர் இறங்கித் திராட்சை வாங்கினார். கையில் வாங்கிக்கொண்டே அண்ணன் சொன்னதை இவரிடம் சொன்னேன். இருபது அடி ரோடு, அதைத் தாண்டியிருந்தால் நான் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன் என்றேன். இவர் காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பாத்தேன் கோதை" என்றார். "எதுத்தாப்புல நின்னதைப் பாத்தேன். கல்யாணத்தப்போ நாலு பேரோட வந்த மனுஷன், பிரச்சினை பண்ண வந்திருக்கார்னு நெனச்சேன். முன்னாடி சாக்கடை தோண்டுறாங்க, பின்பக்கமாப் போன்னு உன்கிட்டச் சொன்னது நான்தான்."

சாக்கடை தோண்டவில்லையா என்று கேட்டேன். எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

இல்லை என்றார். மூன்று நாள் கழித்து நான் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தபோதுதான், அண்ணன் எதற்கு வந்தது என்று இவருக்குப் புரிந்ததாம். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்னை விட்டுட்டுப் போயிருவேன்னு பயம்."

ஓட்டுநர் பாட்டுப் போட்டு, பிறகு அவரே நிறுத்திவிட்டார்.

ஜூலை 27, சனி

மொத்தம் 2,760. ரசம், அப்பளம். இவரோடு பேசவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

2,900. தையல் போட்ட இடம் அரிக்கிறது. சத்துணவுச் சமையலர் பாக்கியம் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் இல்லாததால் பிள்ளைகளுக்கு முட்டையை எண்ணிக் கொடுக்க ஆளில்லையாம். குடத்தை இவர்தான் தூக்கி வைக்கிறார். நான் சொல்வதற்கு முன்பே வைத்துவிடுகிறார். பேசவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

நாலைந்து நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பயந்து நின்றார். ஒருவர் இந்தப் பக்கம் பயந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் என்னை இழந்துவிடுவோம் என்றுதான் பயந்தார்கள். நடுவில் அம்மா போய்விட்டது. இதில் யார் மேல் கோபப்பட்டாலும் பாதிக் கோபம்தான் வருகிறது.

அன்று குழு முன்னால் இவர் ஏன் அவ்வளவு நேரம் மேசையைப் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பெஞ்சில் நாலு நாள் ஏன் உட்கார்ந்திருந்தார் என்றும்.

மாலையில் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று, "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்" என்றேன். குழாயை நிறுத்தாமல் அப்படியே நின்றார். தண்ணீர் வீணாகிறது என்று நான்தான் நிறுத்தினேன்.

ஜூலை 31, புதன்

அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வேடசந்தூருக்கு இல்லை, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு மாதம் வாடகை அறையில் இருக்க வேண்டும். ரத்தத்தில் ஏறியிருந்த உப்பு அளவெல்லாம் இறங்கிவிட்டது. இனி பயமில்லை, ஆனால் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றாராம் டாக்டர்.

கடைசிச் செய்தி: "படுக்கை 4. நேரம் 9.05. அளவு 340 மி.லி. நிறம் இயல்பு."

புதுக் கழிப்பறை அங்கேயே இருக்கும். அறையில் ஜக்குதான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

செய்தி எதுவும் இல்லை. வராது என்று தெரியும். வீடு அமைதியாக இருக்கிறது, நல்லதுதான், ஓயாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இருக்கிறது.

பிற்பகலில் படுக்கை நான்குக்காரருக்குப் பதிலாக வேறு ஒருவர் அந்த அறைக்கு வந்திருப்பார். அவருடைய தங்கைக்கோ யாருக்கோ இப்போது மணி அடிக்கும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாத்திரை போட்டேன். தண்ணீர் இரண்டரை. மதினியைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். சும்மா தொந்தரவு செய்யக் கூடாது.

ஆகஸ்ட் 3, சனி

காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புது எண்.

யாரென்று கேட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு,

"பாப்பா. முந்நூத்தி இருபது. ஜக்குல அளந்தது. அஞ்சு பத்து முன்னப் பின்ன இருக்கும்."

சரி அண்ணே என்றேன். நிறம் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றது. மாத்திரை போட்டாயா என்றேன். போட்டுவிட்டேன், உனக்கு வலி இருக்கிறதா என்றது. இல்லை என்றேன். கேட்க வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டதுபோல் இரண்டு பேரும் நின்றோம். வைத்துவிடுமோ என்று நினைத்தேன்.

"மாப்பிள்ளை எந்திரிச்சிட்டாரா?" என்றது. "இருந்தா குடேன்."

பதினேழு வருஷத்தில் முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்கிறேன். இவர் திண்டாடிப்போனார். படுக்கையிலிருந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பிறகுதான் போனை வாங்கினார். போனில் சட்டை தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வாசல் பக்கம் போய் நின்றார். அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னதுதான் கேட்டது.

"இல்ல மச்சான். அன்னைக்கு நான் பாத்தேன். நான்தான் வெளிய வந்து உள்ள கூப்பிட்டிருக்கணும்."

அதற்கப்புறம் நெடுநேரம் இவர் கேட்டுக்கொண்டே நின்றார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை புறங்கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எத்தனை குதிரைச் சக்தி, ஓடும்போது சூடாகிறதா, சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்க ஆரம்பித்தார். வேடசந்தூர் வீட்டுக் கிணற்று மோட்டார் போல.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்து முடித்து, மீதிப் பாலில் காப்பி கலந்து கொண்டுபோய் இவர் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.